ஒரே ஒரு யூனிட் கூடினா ரூ.243 காலி! கரண்ட் பில் "ஷாக்"கில் இருந்து தப்பிக்க ஒரு வீட்டுக் கணக்கு

வேலூர்,

கத்திரி வெயில் வந்துட்டா வேலூர்க்காரங்களுக்கு ரெண்டு கவலை. ஒண்ணு வெயில். இன்னொண்ணு கரண்ட் பில்.

சுத்தி கல்லு மலை. பகல் பூரா சூட்டை வாங்கி வச்சிக்கிட்டு ராத்திரி முழுக்க வெளியே விடும். விடிய விடிய ஃபேன் ஓடினாலும் தூக்கம் வராது. அந்த நேரம் பார்த்து ரீடிங் எடுக்க வருபவர் கார்டில் எழுதிட்டு போவார். அதை பார்த்ததும் மிச்சம் இருந்த தூக்கமும் போயிடும்.

நம்ம தெருவில் குடியிருக்கும் அக்கா ஒருவர் ஷூ கம்பெனிக்கு வேலைக்கு போகிறவர். வீட்டில் மாமியார், ரெண்டு பிள்ளைகள். கார்டை கையில் பிடித்துக்கொண்டு நம்மிடம் வந்தார்.

"இன்னாத்துக்கு தம்பி இவ்ளோ பில்லு? போன தடவை 1,750 ரூபா சொச்சம் தான் வந்துச்சி. இந்த தடவை 2,100 கேக்குறாங்க. ஏ.சி. கூட இல்ல. பெரியவனுக்கு நோட்டு, புக்கு வாங்க வச்சிருந்த காசு இதுக்கே போச்சி" என்றார்.

கார்டை வாங்கி பார்த்தோம். 507 யூனிட் என்று இருந்தது. அதற்கு முந்தைய தடவை 492.

வித்தியாசம் வெறும் 15 யூனிட். ஆனால் பில்லில் ரூ.344 கூடி இருக்கிறது. அதாவது ஒரு யூனிட்டுக்கு கிட்டத்தட்ட 23 ரூபாய்!

இது எப்படி? மீட்டர் கோளாறா? இல்லை. மீட்டர் சரியாகத்தான் ஓடுகிறது. கட்டணம் போடும் முறையில்தான் விஷயம் இருக்கிறது. இந்த கணக்கு தெரியாமல் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் கூடுதலாக கட்டிக்கொண்டு இருக்கின்றன.

500 என்ற கோடு

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை கணக்கு எடுக்கிறார்கள். 2016 மே மாதம் முதல் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்று ஆனது. 2022 செப்டம்பர் 10-ந்தேதி கட்டணம் உயர்ந்தது. அதன்பிறகு 2024 ஜூலை 1-ந்தேதி முதல் மறுபடியும் ஏறியது.

2024 ஜூலை கட்டணப்படி ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட் வரை ஓட்டும் வீட்டுக்கு கணக்கு இதுதான்:-

முதல் 100 யூனிட் - இலவசம்.
101 முதல் 200 வரை - யூனிட்டுக்கு ரூ.2.35.
201 முதல் 400 வரை - ரூ.4.70.
401 முதல் 500 வரை - ரூ.6.30.

500-ஐ தாண்டிய வீட்டுக்கு கணக்கே வேறு:-

முதல் 100 யூனிட் - இலவசம்.
101 முதல் 400 வரை - ரூ.4.70.
401 முதல் 500 வரை - ரூ.6.30.
501 முதல் 600 வரை - ரூ.8.40.
601 முதல் 800 வரை - ரூ.9.45.
801 முதல் 1,000 வரை - ரூ.10.50.
அதற்கு மேல் - ரூ.11.55.

ரெண்டையும் பக்கத்து பக்கத்தில் வைத்து பாருங்கள். 500-ஐ தாண்டினதும் ரெண்டாவது 100 யூனிட்டுக்கு கிடைத்த ரூ.2.35 சலுகை போய் விடுகிறது. அந்த 100 யூனிட்டும் ரூ.4.70 ஆகி விடுகிறது. அங்கேயே ரூ.235 போச்சு.

சரியாக 500 யூனிட் ஓட்டினால் பில் ரூ.1,805.

501 யூனிட் ஓட்டினால் பில் ரூ.2,048.40.

ஒரே ஒரு யூனிட்டுக்கு ரூ.243.40! அந்த அக்கா கோட்டை தாண்டியது 7 யூனிட். ஒரு நாளைக்கு கணக்கு போட்டால் ஒரு யூனிட்டில் 8-ல் ஒரு பங்கு கூட இல்லை. ஒரு குண்டு பல்பை ராத்திரியில் அணைத்திருந்தாலே கோட்டுக்குள் நின்றிருக்கலாம்.

கட்டண விகிதமும் சலுகையும் அவ்வப்போது மாறக் கூடியவை. எண் மாறினாலும் வழி மாறாது. நம்ம வீடு எந்த கோட்டுக்கு பக்கத்தில் நிற்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்வதுதான் முதல் வேலை.

நாளுக்கு 8 யூனிட்

500 யூனிட்டை 60 நாளுக்கு பிரித்தால் நாளுக்கு 8.3 யூனிட் வருகிறது. ஞாபகம் வைத்துக்கொள்ள நாளுக்கு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 நாளைக்கு 480. கோட்டுக்கு கீழே கொஞ்சம் இடமும் மிச்சம் இருக்கும்.

ரீடிங் எடுத்த அன்று கார்டில் எழுதிய எண்ணை காலண்டரில் குறித்து வையுங்கள். ஞாயிறு தோறும் மீட்டரை பாருங்கள். திரையில் எண்கள் மாறி மாறி வரும். அதில் "கிலோவாட் ஹவர்" என்று வருவதுதான் யூனிட். அதை மட்டும் எழுதுங்கள்.

வாரத்துக்கு 56 யூனிட்டுக்குள் இருந்தால் பயம் இல்லை. முதல் மாசத்திலேயே 270, 280 என்று போய் விட்டால் அடுத்த மாசம் கையை பிடித்து செலவு பண்ணிக்கொள்ளலாம். ரீடிங் எடுத்த பிறகு தலையில் கை வைத்து பிரயோஜனம் இல்லை.

எது எவ்வளவு இழுக்குது?

யூனிட் என்றால் பெரிய கணக்கு ஒன்றும் இல்லை. ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 100 வாட் பல்பு 10 மணி நேரம் எரிந்தாலும் ஒரு யூனிட்தான்.

நமக்கு தெரிந்த எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருவர் 25 வருஷமாக காட்பாடி பக்கம் வேலை பார்ப்பவர். அக்கா வீட்டுக்கு அவரை அழைத்துப் போனோம். அவர் முதலில் செய்த வேலை மீட்டர் முன்னால் போய் நின்றதுதான்.

அவர் கூறியதாவது:-

"மீட்டர்ல சின்னதா சிவப்பு லைட்டு மின்னிக்கிட்டே இருக்கும் பாருங்க. பக்கத்துல 3200-னு போட்டிருந்தா, 3,200 தடவை மின்னினா ஒரு யூனிட்டுனு அர்த்தம். வீட்டுல எல்லாத்தையும் அணைச்சிட்டு ஒரே ஒரு சாமானை மட்டும் போடுங்க. ஒரு நிமிஷத்துல எத்தனை தடவை மின்னுதுனு எண்ணுங்க. அதை 19-ஆல பெருக்கினா ஏறக்குறைய அந்த சாமான் எத்தனை வாட் இழுக்குதுனு வந்துடும். கருவியும் வேணாம், காசும் வேணாம்" என்றார்.

சில மீட்டரில் 1600 என்று இருக்கும். அதற்கு 38-ஆல் பெருக்க வேண்டும்.

அக்கா வீட்டு ஹால் ஃபேனை மட்டும் போட்டோம். நிமிஷத்துக்கு 4 தடவை மின்னியது. 75 வாட். பழைய ஃபிரிட்ஜ் ஓடும்போது 8 தடவை. 150 வாட். ஏர் கூலருக்கு 9, 10 தடவை. 180 வாட் சுமார்.

இப்படியே ஒவ்வொன்றாக எடுத்து, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று அக்காவிடம் கேட்டு எழுதினோம். ஒரு நாள் கணக்கு:-

ஃபேன் மூன்று - 2.85 யூனிட்.
ஏர் கூலர், ராத்திரி 10 மணி நேரம் - 1.8.
ஃபிரிட்ஜ் - 1.4.
பழைய டியூப்லைட் மூன்று, 5 மணி நேரம் - 0.8.
தண்ணி மோட்டார், 40 நிமிஷம் - 0.6.
டி.வி.யும் செட்டாப் பாக்ஸும் - 0.5.
மிக்ஸி, கிரைண்டர் - 0.2.
ஜீரோ வாட் பல்பு - 0.15.
அயர்ன் பாக்ஸ் - 0.15.

மொத்தம் 8.45 யூனிட். 60 நாளைக்கு 507. கார்டில் இருந்த அதே எண்!

"மிக்ஸி, கிரைண்டர்னால தான் பில்லு ஏறுதுனு எங்க மாமியார் மாவு அரைக்க விடமாட்டாங்க தம்பி. இப்ப பாத்தா அது ஒண்ணுமே இல்லியே" என்று அக்கா சிரித்தார்.

உண்மைதான். மிக்ஸி 500 வாட்டுக்கு மேல் இழுக்கும். ஆனால் ஓடுவது அஞ்சு நிமிஷம். ஃபேன் 75 வாட்தான். ஆனால் நாள் பூரா ஓடுது. சத்தம் போடுகிற சாமானை விட சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டே இருப்பதுதான் பில்லை ஏற்றும்.

முதலில் காசு செலவில்லாத வேலை

செட்டாப் பாக்ஸ்:- ரிமோட்டில் அணைத்து விட்டால் டி.வி. அணைந்தது என்று நினைக்கிறோம். ஆனால் செட்டாப் பாக்ஸ் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். 10 வாட் சுமார் இழுக்கும். ஸ்விட்ச் போர்டில் அணைத்தால்தான் முழுசாக நிற்கும். அக்கா வீட்டில் இதில் மட்டும் நாளுக்கு 0.2 யூனிட் மிச்சம்.

தண்ணி மோட்டார்:- ஒரு எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட். டேங்க் நிரம்பி வழிந்து தெருவில் ஓடிய பிறகுதான் பல வீட்டில் மோட்டாரை நிறுத்துகிறார்கள். 40 நிமிஷம் ஓடிய மோட்டாருக்கு 25 நிமிஷமே போதும் என்று தெரிந்தது. செல்போனில் அலாரம் வைத்து விட்டார் அக்காவின் பெரிய பையன். முன்பு அரை மணியில் நிரம்பிய டேங்க் இப்போது ஒரு மணி நேரம் எடுக்கிறது என்றால் ஃபுட் வால்வு ஒழுகுதா என்று பாருங்கள்.

ஆள் இல்லாத ஃபேன்:- ஹால் ஃபேன் 18 மணி நேரம் ஓடியது. எல்லோரும் சமையல் கட்டிலும் வாசலிலும் இருக்கும் நேரம் 4 மணி நேரம். அதை அணைத்தால் 0.3 யூனிட்.

ஃபிரிட்ஜ்:- சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் நாலு விரல் இடமாவது வேண்டும். சூடான குழம்பை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். கதவு ரப்பரில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடுங்கள். லேசாக இழுத்ததும் நோட்டு வந்து விட்டால் ரப்பர் போய் விட்டது என்று அர்த்தம். குளிர் வெளியே போகுது, மெஷின் நிற்காமல் ஓடுது. ஐஸ் கட்டி கட்டியாக பிடித்திருந்தாலும் கரண்ட் அதிகம் இழுக்கும்.

அயர்ன் பாக்ஸ்:- காலையில் ஒரு சட்டை, மாலையில் ஒரு புடவை என்று தனித்தனியாக சூடு ஏற்றாமல், ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக தேய்த்து விடுங்கள்.

அடுத்து, சின்ன செலவு

பழைய குண்டு டியூப்லைட்டும் சோக்கும் சேர்ந்து 55 வாட் இழுக்கும். அதே வெளிச்சம் தரும் எல்.இ.டி. டியூப் 20 வாட்தான். மூன்று டியூப் மாற்றினால் நாளுக்கு அரை யூனிட் மிச்சம். ரெண்டு மாசத்துக்கு 30 யூனிட்.

ஜீரோ வாட் பல்பு பற்றி ஒரு விஷயம். பேரில்தான் ஜீரோ. அந்த காலத்து மீட்டர் அந்த அளவு சின்ன இழுப்பை சரியாக காட்டாது. அதனால் வந்த பேர். நிஜத்தில் 15 வாட் வரை இழுக்கும். இப்போது உள்ள எலக்ட்ரானிக் மீட்டர் அதையும் விடாமல் கணக்கு எழுதி விடும். ராத்திரி 10 மணி நேரம் எரிந்தால் ரெண்டு மாசத்துக்கு 9 யூனிட். அக்கா கோட்டை தாண்டியது 7 யூனிட்டில்! அதற்கு பதில் அரை வாட் எல்.இ.டி. நைட் லேம்ப் போட்டால் பில்லில் தெரியவே தெரியாது.

பெட்டி மாதிரி இருக்கும் பழைய ஃபேன் ரெகுலேட்டர் தொட்டால் சுடும். ஃபேனை மெதுவாக வைத்தாலும் மிச்ச கரண்ட் சூடாக போய் வீணாகிறது. எலக்ட்ரானிக் ரெகுலேட்டரில் அந்த கதை இல்லை. ஃபேன் வேகம் குறைந்து விட்டால் உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். இறக்கையை துடையுங்கள். அப்படியும் சுத்தவில்லை என்றால் கண்டென்சர் மாற்றினால் பல ஃபேன் பழையபடி ஓடும்.

பெரிய செலவை எப்போ செய்யணும்?

இப்போது பி.எல்.டி.சி. ஃபேன் என்று கடையில் சொல்கிறார்கள். சாதாரண ஃபேன் 75 வாட் என்றால் இது 30 வாட் சுமார்தான். பாதிக்கும் கீழே. விலை ரூ.3 ஆயிரம் ஒட்டி வரும்.

மாற்றலாமா? இதற்கு நேர்மையாக கணக்கு சொல்ல வேண்டும். அக்கா வீட்டு ஹாலில் 14 மணி நேரம் ஓடும் ஃபேனை மாற்றினால் ரெண்டு மாசத்துக்கு 38 யூனிட் குறையும். 400, 450 யூனிட்டில் நிற்கிற வீட்டுக்கு பில்லில் ரூ.200 சொச்சம் குறையும். ஃபேன் காசு திரும்ப வர ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகும்.

அதனால் ஓடுகிற ஃபேனை கழற்றிப் போட வேண்டாம். ஃபேன் போய் விட்டால் அடுத்தது இதுவாக வாங்குங்கள். அதையும் அதிக நேரம் ஓடுகிற அறையில் மாட்டுங்கள். எப்போதாவது போடுகிற அறையில் மாட்டினால் காசு திரும்பாது. ஆனால் 510, 530 யூனிட் என்று கோட்டுக்கு சற்று மேலே நிற்கிற வீட்டுக்கு ஒரு ஃபேன் மாற்றினாலே சலுகையும் திரும்ப கிடைத்து விடும். அவர்களுக்கு ஒரு வருஷத்திலேயே காசு வந்து விடும்.

ஃபேனுக்கு ஸ்டார் ஸ்டிக்கர் 2023 ஜனவரி முதல் கட்டாயம். ஃபிரிட்ஜ், ஏ.சி. வாங்கும்போது ஸ்டாரை மட்டும் எண்ணாதீர்கள். ஸ்டிக்கரில் வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருக்கும். அந்த எண்ணை பாருங்கள். ஸ்டிக்கர் எந்த வருஷத்துக்கு உரியது என்பதையும் பாருங்கள். ஸ்டார் அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். பழைய 5 ஸ்டார் இப்போதைய 3 ஸ்டாருக்கு சமமாக இருக்கலாம்.

ஏ.சி., கீசர் இருக்கிற வீடா?

ஒன்றரை டன் ஏ.சி. கத்திரி வெயிலில் ராத்திரி 8 மணி நேரம் ஓடினால் அதற்கு மட்டும் 7 முதல் 10 யூனிட் வரை போகும். அவர்கள் 500-க்குள் நிற்பது கஷ்டம். ஆனால் 600, 800, 1,000 என்று அடுத்தடுத்த கோடுகள் இருக்கின்றன. 700 யூனிட்டுக்கு பில் ரூ.3,825. அங்கே ஒரு யூனிட் குறைந்தாலும் ரூ.9.45 மிச்சம்.

ஏ.சி.யை 18, 20-ல் வைத்து விட்டு போர்வை போர்த்தி படுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் 6 சதவீதம் கரண்ட் குறையும் என்று மத்திய எரிசக்தி சேமிப்பு அமைப்பு சொல்கிறது. புது ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் நிற்கும்படி 2020 முதல் விதி வந்ததும் அதனால்தான். 20-ல் இருந்து 24-க்கு போனால் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு மிச்சம். கூடவே ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். ஃபில்டரை மாசம் ஒரு தடவை கழுவுங்கள். ஜன்னல் இடுக்கை அடையுங்கள்.

கீசர் 2 ஆயிரம் வாட். அரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட். போட்டு விட்டு மறந்து போகாதீர்கள். இண்டக்சன் அடுப்பும் அப்படித்தான். ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் ஒன்றரை முதல் ரெண்டு யூனிட்.

சொந்த மாடி உள்ளவர்களுக்கு சூரிய மின்சாரமும் ஒரு வழி. நிழல் விழாத 100 சதுர அடி இருந்தால் ஒரு கிலோவாட் தகடு போடலாம். நம்ம ஊர் வெயிலுக்கு நாளுக்கு 4 யூனிட் சுமார் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு ரூ.30 ஆயிரம், 3 கிலோவாட்டுக்கு ரூ.78 ஆயிரம் என மானியம் அறிவிக்கப்பட்டது. விண்ணப்பிக்கும் முன் அன்றைய மானிய தொகையை கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டுக்காரர்கள் கவனிக்க

ஒரே கனெக்சன். கீழே வீட்டுக்காரர், மேலே குடித்தனக்காரர். நடுவில் சப் மீட்டர். நம்ம ஊரில் இப்படி நிறைய வீடுகள் உண்டு.

ரெண்டு பேரும் தலா 300 யூனிட் ஓட்டுகிறார்கள் என்று வையுங்கள். தனித்தனி கனெக்சன் என்றால் ஆளுக்கு ரூ.705. மொத்தம் ரூ.1,410. ஒரே கனெக்சன் என்றால் 600 யூனிட். பில் ரூ.2,880. டபுளுக்கும் மேலே!

வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபாய், 10 ரூபாய் கேட்கிறார் என்று குடித்தனக்காரர் கோபப்படுகிறார். வீட்டுக்காரரும் கைக்காசு போடுகிறார். ரெண்டு பேருக்கும் நஷ்டம். தனி சமையல் கட்டோடு தனி குடித்தனமாக இருந்தால் தனி கனெக்சனுக்கு மின்வாரிய பிரிவு அலுவலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் ஒரே குடும்பம் இலவச யூனிட்டுக்காக ரெண்டு மீட்டர் வாங்கி வைப்பது விதிக்கு விரோதம். அதில் இறங்க வேண்டாம்.

மாயப் பெட்டி மோசடி

"பிளக்கில் சொருகினால் போதும், கரண்ட் பில் 40 சதவீதம் குறையும்" என்று சின்ன பெட்டி ஒன்றை சந்தையிலும் செல்போன் விளம்பரத்திலும் விற்கிறார்கள். பிரித்து பார்த்தால் உள்ளே ஒரு கண்டென்சரும் ஒரு பச்சை லைட்டும்தான் இருக்கும். வீட்டு மீட்டர் யூனிட்டைத்தான் எண்ணுகிறது. அதை இந்த பெட்டியால் குறைக்க முடியாது. அந்த பச்சை லைட்டுக்கும் சேர்த்து நீங்கள்தான் காசு கட்ட வேண்டும்!

மீட்டரில் காந்தம் வைப்பது, கொக்கி போடுவது எல்லாம் 2003-ம் ஆண்டு மின்சார சட்டப்படி திருட்டு. அபராதம் மட்டும் இல்லை, ஜெயிலும் உண்டு. உயிருக்கும் ஆபத்து.

கசிவு இருக்குதா?

வீட்டில் எல்லா ஸ்விட்சையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ், செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர் பிளக்கையும் பிடுங்குங்கள். இப்போது மீட்டர் லைட் மின்னக் கூடாது. அப்படியும் மின்னினால் எங்கேயோ வயரில் கசிவு இருக்கிறது. அல்லது வேறு யாருக்கோ உங்கள் மீட்டரில் இருந்து கரண்ட் போகிறது. எலக்ட்ரீசியனை உடனே கூப்பிடுங்கள். கசிவு பில்லை மட்டும் ஏற்றாது. ஈர சுவரை தொட்ட பிள்ளைக்கு ஷாக் அடிக்கும். இதை மட்டும் நாளைக்கு பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

பவர் கட் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டரையும் கவனியுங்கள். பேட்டரி கிழடு தட்டி விட்டால் சார்ஜ் நிற்காது. எந்த நேரமும் கரண்டை குடித்துக்கொண்டே இருக்கும்.

மீட்டர் மேலேயே சந்தேகம் என்றால் பிரிவு அலுவலகத்தில் எழுதி கொடுத்து கட்டணம் கட்டி சோதிக்க சொல்லலாம். மின்னகம் எண் 94987 94987-லும் புகார் சொல்லலாம்.

அக்கா வீட்டில் என்ன ஆச்சு?

எல்.இ.டி. டியூப் மூன்று, நைட் லேம்ப் ஒன்று. இதுதான் அவர் வாங்கியது. மற்றது எல்லாம் பழக்கம். கூலரையும் ராத்திரி ஃபேனையும் தொடவே இல்லை. மாமியாருக்கு வயசு 70-க்கு மேல். இந்த வெயிலில் ஃபேனை அணைத்து காசு மிச்சம் பிடிக்க சொன்னால் அது பாவம். கூட 200 ரூபாய் ஆனாலும் வயசானவர்களுக்கும் கைக்குழந்தைக்கும் காத்து வேண்டும்.

10 நாள் மீட்டரை பார்த்து எழுதினார்கள். 72 யூனிட் ஓடி இருந்தது. நாளுக்கு 8.45-ஆக இருந்தது 7.2-க்கு இறங்கி விட்டது. இப்படியே போனால் 60 நாளைக்கு 432 யூனிட். பில் ரூ.1,376.60. போன பில் ரூ.2,098.80. மிச்சம் 722 ரூபாய்.

மறுபடி தெருவில் பார்த்தபோது அக்கா சொன்னது:-

"இப்ப சின்னவன் தான் தம்பி ஞாயித்துக்கிழமை ஆனா மீட்டர் பாக்குறான். காலண்டர்ல எழுதிட்டு, 'அம்மா, இந்த வாரம் 51 தான்'னு கத்துறான். எங்க மாமியார் இப்ப மாவு அரைக்க ஒண்ணும் சொல்றது இல்ல. லைட்டை அணைச்சியானு மட்டும் கேக்குறாங்க."

இன்று சாயங்காலம் உங்கள் வீட்டு மீட்டர் முன்னாலும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். எண்ணை காலண்டரில் எழுதுங்கள். அடுத்த ரீடிங்குக்கு இன்னும் எத்தனை நாள் இருக்கு, 500-க்கு இன்னும் எத்தனை யூனிட் இருக்கு என்று பாருங்கள். இன்றைக்கே தெரிந்தால் இன்றைக்கே குறைக்கலாம்.